பூட்டு நம்ம பக்கம்

“ரெண்டு பேரும் ஒண்ணா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“ஒண்ணுதான்” என்றாள் உமாமகேஸ்வரி.

“தனித்தனி” என்றாள் பானுப்பிரியா.

ஒரே வீட்டு வாசலில் இறங்கி, அக்காள்மடம் ஸ்டாப்பில் ஒன்றாக பஸ் ஏறிய இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பதில் சொன்னால் அந்த மனுஷன் என்னதான் செய்வார்? இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று முன்பக்கம் போய்விட்டார்.

அவருக்கு விஷயம் தெரியாது. நமக்குத் தெரியும். வீரையா வீட்டில் மூன்று வாரமாக இரண்டு அடுப்பு எரிகிறது.

மூத்தவன் சேதுபதி, உமாவின் புருஷன், மல்லிகை நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். இளையவன் முத்துகிருஷ்ணன், பானுவின் புருஷன், ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறான். அய்யா வீரையாவின் கண்ணில் புரை விழுந்தது. “பாப்போம், பாப்போம்” என்று அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். தம்பி, சவாரி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் அய்யாவை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மதுரையில் ஆபரேஷனை முடித்துக் கறுப்புக் கண்ணாடியோடு கொண்டுவந்து இறக்கினான். சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும் என்பது அவன் நினைப்பு.

“அப்ப நான் ஒருத்தன் இந்த வீட்ல செத்தா போயிட்டேன்?” என்று கேட்டு, அண்ணன் கை நீட்டிவிட்டான்.

தனியாக இருக்கும்போது நீட்டியிருந்தால் தம்பி வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருப்பான். சம்பந்தியைப் பார்க்க உப்பூரிலிருந்து ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்திருந்த பானுவின் அப்பா அம்மா கண் முன்னால் விழுந்தது அந்த அறை. மாமனார் வீட்டார் பார்க்க வாங்கிய அடி லேசில் ஆறுமா?

அதன் பிறகு அடுப்பு பிரிந்தது. சாமான் பிரிந்தது. ஹாலுக்கு நடுவில் சுவர் எழுப்பிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிடுகிற வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் கட்டிலில் கிடந்த வீரையா வாயைத் திறந்தார்.

“ஏலே, எழுபத்திமூணு வயசுல இப்பத்தாண்டா எனக்குக் கண்ணு பளிச்சுனு தெரியுது. சுவத்தையா பாக்கச் சொல்றீக? பிரிச்சுத்தான் ஆகணும்னா கண்ணாடி வச்சுப் பிரிங்க. இங்கன கெடந்தவாக்கில எனக்கு ரெண்டு பயலும் தெரியணும்.”

அய்யா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சுவருக்குப் பதில் கண்ணாடிக் கதவு என்றும், அய்யாவின் கட்டில் அண்ணன் பக்கம் என்றும் ஆனது. கடைக்காரர்கள் ஆள் அனுப்பி அளவெடுத்துவிட்டுப் போனார்கள். இனி கைப்பிடி, பூட்டு, கதவு ஆடுகிற ஸ்பிரிங் எல்லாம் கடையில் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லையே! ஆகவே ஓரகத்திகள் இருவரும் ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

புறப்படும்போது சேதுபதி உமாவைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னான். “கைப்பிடி, கலரு எல்லாம் உங்க இஷ்டம். பூட்டு மட்டும் நம்ம பக்கம் இருக்கணும். அதுல விட்டுக்குடுத்துட்டு வந்து நிக்காத.”

வேனைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணன் பானுவிடம் குனிந்து என்னவோ சொன்னதையும் உமா பார்த்தாள். காதில் விழவில்லை. விழவும் வேண்டியதில்லை, அண்ணன் தம்பி புத்தி எங்கே போகும்?

உமாவுக்கு அந்தக் கதவில் பூட்டு இருப்பதே பிடிக்கவில்லை. ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். உமாவுக்குத் தலைவலி என்றால் முகத்தைப் பார்த்தே பானு கஷாயம் வைப்பாள். பானுவுக்குப் பிரசவம் ஆனபோது பத்தியச் சோறு பொங்கிப் போட்டது உமாதான். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக முகம் பார்க்கவில்லை. பூட்டும் ஒன்று வந்துவிட்டால் இனி எப்போதும் பார்க்க மாட்டாள். உமாவின் பயமெல்லாம் அதுதான்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியது. வழக்கமாக இந்த இடத்தில், “அக்கா, அங்கன பாருங்க, கடல்ல எத்தனை போட்டு!” என்று பானு கையைப் பிடித்து இழுப்பாள். இன்றைக்கு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறவளுக்குக் கண்ணிமை அப்படித் துடிக்காது என்பது உமாவுக்குத் தெரியும்.

* * *

கடைக்காரி நஸீராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாப்பா மஹ்மூது ஆரம்பித்த கண்ணாடிக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். பேச்சிலும் சிரிப்பிலும் குறைச்சல் கிடையாது.

“வாங்கக்கா, வாங்க. அக்காள்மடம் வீடுதானே? உக்காருங்க. ஒரே வீட்டுக்குள்ள கண்ணாடிக் கதவு போடுறீகளே, ஏசி வைக்கப் போறீகளா?”

இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்ணாடியைப் பார்த்தார்கள். நஸீரா கெட்டிக்காரி. மேலே கேட்காமல் கைப்பிடிகளை எடுத்து மேஜை மேல் பரப்பினாள்.

தங்க நிறத்தில் ஒன்று பளபளத்தது. பானுவின் கை தன்னால் அதன்மேல் போனது.

“அது வேணாம்” என்றாள் உமா. “நம்ம கேட்டுக்கு இப்படித்தான் மினுக்குன கொண்டி வாங்கிப் போட்டோம். அடுத்த பொங்கலுக்குள்ள அம்மை போட்டவாக்கில புள்ளி புள்ளியா ஆயிருச்சு.”

மூன்று வாரத்தில் உமா அவளிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அது. பானு கையை எடுத்துக்கொண்டாள்.

“பெரியக்கா சொல்றது சரி” என்றாள் நஸீரா. “உங்களுக்கு ரெண்டு பக்கமும் கடல். உப்புக்காத்துக்கு இந்த முலாமெல்லாம் நிக்காது. எவர்சில்வர்லயே முந்நூத்தி நாலு, முந்நூத்திப் பதினாறுன்னு ரெண்டு தரம் இருக்கு. டவுனுக்குள்ளன்னா முதல்ல சொன்னதே போதும். தீவுக்கு ரெண்டாவதைத்தான் நான் குடுப்பேன். மினுக்கு கம்மி. ஆனா உங்க காலத்துக்கும் கெடக்கும்.”

“காலத்துக்கும் கெடக்கட்டும்” என்றாள் பானு கசப்பாக.

அடுத்தது தரையில் பதிக்கிற ஸ்பிரிங். கதவைத் தள்ளிவிட்டால் தானே மெல்ல வந்து மூடிக்கொள்ளும். மாதிரிக்கு வைத்திருந்த கதவை நஸீரா தள்ளிக் காட்டினாள். கனமான கண்ணாடி, சத்தமே இல்லாமல் திரும்பி வந்து நின்றது.

“தானா மூடிக்கிறது வேணாம்” என்றாள் பானு சட்டென்று.

உமா திரும்பிப் பார்த்தாள். பானு அவசரமாக, “மாமா நடந்து வரும்போது முதுகுல வந்து இடிக்கும். அதுக்குச் சொன்னேன்” என்றாள்.

“இருக்கே! முழுசாத் தொறந்து விட்டா அப்படியே நிக்கிற மாதிரியும் இருக்கு. நாம இழுத்தாத்தான் மூடும்.”

“அதையே குடுங்க” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

“வயசானவங்க இருக்காகளா? அப்பக் கண்ணாடி இருக்கறது தெரியாம மோதிரப்படாது. கண்ணுக்கு நேரா வெள்ளையா ஒரு பட்டை ஒட்டிருவோம். அவுக உசரம் என்ன?”

உமா கையை உயர்த்திக் காட்டினாள். பானுவும் காட்டினாள். இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன. ஒன்பது வருஷமாக ஒரே ஆளுக்குச் சோறு போட்டவர்கள்தானே!

“பட்டை ஒல்லியா இருக்கட்டும்” என்றாள் பானு. “அகலமா ஒட்டினா மாமாவுக்கு எங்க வீட்டுக்காரர் முகம் மறைஞ்சுரும்.”

அந்த நிமிஷம் உமாவுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்திருக்கலாம். அதற்குள் நஸீரா பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டாள்.

* * *

“இதுதான் முக்கியம். ஒரு பக்கம் சாவி போட்டுத் தொறக்கணும். மறு பக்கம் இந்தத் திருகு, கையால திருகுனாப் போதும். எந்தப் பக்கம் திருகு வைக்கறதுன்னு சொல்லுங்க.”

“எங்க பக்கம்” என்றாள் உமா.

“எங்க பக்கம்” என்றாள் பானு.

நஸீரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் வீட்டின் கதை பிடிபட்டது.

“அக்கா, பொதுவா ஒரு கணக்கு இருக்கு. திருகு இருக்கற பக்கம் வீட்டுக்காரங்க. சாவி இருக்கற பக்கம் வந்துபோறவங்க. உங்கள்ல யாரு வந்துபோறவங்க?”

இரண்டு பேருக்கும் சுருக்கென்றது.

“ஒண்ணு சொல்லிர்றேன். யோசிச்சுச் சொல்லுங்க. இது வேக வைக்கிற கண்ணாடி. ஓட்டை, வெட்டு எல்லாம் முதல்லயே போட்டுட்டுத்தான் மதுரையில உலைக்குள்ள விடுவாங்க. வெந்து வந்ததுக்கப்புறம் ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட நினைச்சாலும் மொத்தமும் பொடிப்பொடியாப் போயிரும். இன்னைக்குச் சாயங்காலம் வரைபடம் அனுப்புறேன். அதுக்கப்புறம் அழுதாலும் மாத்த முடியாது.”

சொல்லிவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நஸீரா வெளியே போனாள். அவள் போனது டீக்காக அல்ல.

கண்ணாடிகளுக்கு நடுவில் ஓரகத்திகள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் முகமே தெரிந்தது.

“நாங்க வந்துபோறவங்களா அக்கா?” பானுதான் முதலில் கேட்டாள். “ஒன்பது வருசம் கழிச்சு, சாவி கேட்டு வாங்கித்தான் மாமாவைப் பாக்கணுமா?”

“நான் சொல்லலைத்தா. அவுக சொல்லி அனுப்பினது.”

“அன்னைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லல. அதான் எனக்கு ஆறல. அடிச்சது பெரியவரு, அது அவுக ரெண்டு பேருக்கும் உள்ளது. எங்கம்மா அழுதுகிட்டு நிக்கிது, எங்கப்பா தலையைக் குனிஞ்சுகிட்டாரு. நீங்க கரண்டியைப் பிடிச்சுகிட்டு அப்படியே நின்னீக. ‘என்னங்க இது’ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரலையே!”

உமா பூட்டைத் தள்ளி வைத்தாள். “வரல” என்றாள். “சத்தியமா வரலைத்தா. எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. வந்திருக்கணும். உங்கம்மா கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கணும், அதுகூட எனக்குத் தோணல. நெனச்சு நெனச்சுத் தூக்கம் போச்சு. உன்கிட்ட வந்து சொல்லலாம்னா நீ முகத்தைக் குடுக்க மாட்டேங்கிற.”

பானு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போது பார்த்து இரண்டு பேர் போனும் ஒன்றன் பின் ஒன்றாக அடித்தது.

“எந்தப் பக்கம்?” என்றான் சேதுபதி.

“இன்னும் முடியல” என்றாள் உமா.

“இன்னும் முடியல” என்றாள் பானு, அவள் போனில்.

போனை வைத்ததும் பானு மெல்லச் சொன்னாள். “அக்கா, சாமானைப் பிரிச்சப்ப ஊர் வழக்கப்படி பெரியவரு பங்கு போட்டாரு, எங்க வீட்டுக்காரர் எடுத்தாரு. மூத்தவங்க பிரிக்கணும், இளையவங்க எடுக்கணும். பூட்டையும் நீங்களே பிரிங்க. நான் எடுத்துக்கிறேன்.”

சாமானியமான வழக்கமா அது? பிரிக்கிறவனுக்கு எந்தப் பங்கு வரும் என்று தெரியாது. ஆகவே எது வந்தாலும் வயிறெரியாதபடி பிரிப்பான். உமாவின் அப்பா வயலைப் பிரித்தபோது, வரப்பை நாலு தடவை மாற்றி மாற்றிப் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் பூட்டைக் கையில் எடுத்தாள். இந்தப் பக்கம் சாவித்துளை. அந்தப் பக்கம் திருகு. திருப்பிப் பார்த்தாள். சாவித்துளை தனக்கு வந்தால் வயிறெரியும். திருகு தனக்கு வந்து, பானு சாவியோடு நின்றாலும் எரியும். எப்படிப் பார்த்தாலும் பங்கு சரியாக வரவில்லை.

டீயோடு நஸீரா உள்ளே வந்தாள்.

“நஸீரா, இந்தத் திருகு இருக்குல்ல, இதே மாதிரி ரெண்டு பக்கமும் வச்சு ஒரு பூட்டு வருமா?”

நஸீரா டீயைக் கீழே வைத்துவிட்டு உமாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள்.

“கம்பெனிக்காரன் எதுக்கோ சேத்து அனுப்பினான். நம்ம ஊர்ல இதை யாரு வாங்குவா? சாவியே கிடையாது. இந்தப் பக்கமும் பூட்டலாம், அந்தப் பக்கமும் பூட்டலாம். யாரு பூட்டினாலும் மத்தவங்க அந்தப் பக்கம் நின்னு அப்படியே தொறந்துக்கலாம்.”

“அப்ப அதுக்குப் பேரு பூட்டா?” என்றாள் பானு.

“கோவம் வந்தவங்க பூட்டிக்கலாம்கா. கோவம் தீந்தவங்க தொறந்துக்கலாம்.”

உமா அந்தப் பூட்டைப் பானுவின் முன்னால் நகர்த்தினாள். “பங்கு போட்டுட்டேன். எடுத்துக்க.”

பானு பூட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக அடைத்து வைத்த சிரிப்பு, சுலபத்தில் நிற்கவில்லை.

“எந்தப் பக்கம்டி எடுத்த?”

“எங்க பக்கம்” என்றாள் பானு. “வீட்ல கேட்டா நீங்க என்ன சொல்லுவீக?”

“நம்ம பக்கம்னு சொல்லுவேன். பொய்யா என்ன?”

“பொய்யே இல்லக்கா.”

“அல்லா மேல ஆணை, நான் எதையும் கேக்கல” என்று சொல்லிவிட்டு நஸீரா பில் புத்தகத்தை எடுத்தாள்.

திரும்பி வரும்போது வேறு பஸ், வேறு கண்டக்டர். “எத்தனை?” என்று அவர் கேட்டதும் பானு முந்திக்கொண்டாள். “அக்காள்மடம் ரெண்டு. ஒண்ணாவே குடுங்கண்ணே.” பாம்பன் பாலத்தில் உமாவின் கையைப் பிடித்து இழுத்து, கீழே படகுகளைக் காட்டினாள்.

* * *

வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பேரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் அல்லவா!

ஹாலின் நடுவில் கடை ஆள் போட்டுவிட்டுப் போன சாக்பீஸ் கோடு கிடந்தது. பானு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். உமா இந்தப் பக்கம் நின்றாள்.

“கதவு என்ன நெறம்த்தா?” என்று கேட்டார் கட்டிலில் இருந்த வீரையா.

“நெறமே கிடையாது மாமா.”

“அதான் நல்லது” என்று அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

சேதுபதி பண்ணையிலிருந்து காலைக்கூடக் கழுவாமல் அடுப்படிக்கு வந்தான். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“பூட்டு?”

“நம்ம பக்கம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அந்தப் புள்ள ஒத்துக்கிருச்சா?”

“ஒத்துக்கிருச்சு.”

“சண்டை கிண்டை போடலையா?”

“போடல.”

ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும்? சேதுபதியின் முகம் அப்படி இல்லை. சரி என்றான். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். நெத்திலிக் குழம்பு என்றால் இரண்டு தட்டுச் சோறு உள்ளே போகும் மனுஷன், அன்றைக்கு அரைத் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“உமா.”

“சொல்லுங்க.”

“நான் நாத்து ஏத்திக்கிட்டு வெளியூரு போற அன்னைக்கு, அய்யாவுக்குத் திடீர்னு ஏதாச்சும் ஒண்ணுன்னு வையி. நீ தனியா இருப்ப. அவன் எப்படி உள்ள வருவான்?”

“தட்டுவாரு.”

“கண்ணாடியைத் தட்டினா உனக்குக் கேக்குமா? நீ கொல்லையில நின்னா?”

உமாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் திருகு இருக்கிறது, யாரும் எப்போதும் வரலாம் என்று சொல்லிவிட்டால் அவன் மனசு ஆறிவிடும். ஆனால் இந்தக் கேள்வியை அவன் மூன்று வாரமாகக் கேட்கவே இல்லையே! இன்றைக்குத்தான் கேட்கிறான். உடனே பதிலைச் சொல்லி அவனைத் தூங்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“தெரியலைங்க” என்றாள். “பூட்டு கேட்டீக. வாங்கியாச்சு.”

அவன் தட்டில் கை கழுவி எழுந்தான். நாற்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தான். தண்ணீர் காட்டப் போகிறவன் போனை எடுத்துக்கொண்டு போனான்.

பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது உமாவின் போன் அடித்தது. நஸீரா.

“அக்கா, வரைபடம் அனுப்பப் போறேன். அதுக்குள்ள ஒரு குழப்பம். உங்க வீட்டு ஆம்பளை ஒருத்தர் இப்பப் போன் பண்ணினாரு. கதவுல பூட்டு ஓட்டையே போட வேணாம், கைப்பிடி மட்டும் போதும், இதை வீட்ல யாருக்கும் சொல்லிராதீகங்கறாரு. சொல்லாம நான் எப்படி மாத்துறது?”

உமா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “யாரு? பெரியவரா, சின்னவரா?”

“பேரு கேட்டேன். அந்த வீட்டு மகன்னு மட்டும் சொன்னாரு. வயசானவரு ஒத்தைக் கையால தள்ளினாக் கதவு தொறக்குமான்னு ரெண்டு தடவை கேட்டாரு.”

அது போதாதே! இரண்டு பேரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

உமா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாற்றுப் பாத்திகளுக்கு நடுவில் சேதுபதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் போன் இருந்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேனுக்குள் முத்துகிருஷ்ணன் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் போன் இருந்தது.

“அக்கா, என்ன செய்யட்டும்? ஓட்டையை எடுத்துட்டு அனுப்பிரவா?”

அவசரப்பட்டுச் சரி என்று சொல்லப் போனவள் நிறுத்திக்கொண்டாள். ஒருத்தன் மட்டும் இறங்கி வந்து, மற்றவன் விறைத்துக்கொண்டு நின்றால், நாளைக்கு அதுவே இன்னொரு சண்டை. ‘என்னைக் கேக்காம எப்படி எடுக்கச் சொன்ன?’ என்று மறுபடியும் கை நீளும். கேட்காமல் செய்த ஒரு நல்ல காரியத்தில்தானே இவ்வளவும் வந்தது.

“கொஞ்சம் பொறு நஸீரா” என்றாள். “இன்னொருத்தரும் கூப்பிடுவாரு.”

“கூப்பிடலைன்னா?”

“கூப்பிடலைன்னா நாங்க ரெண்டு பேரும் எடுத்த பூட்டே இருக்கட்டும்.”

“பொழுது சாயப் போகுதுக்கா. மதுரையில காத்துக்கிட்டிருக்காங்க.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே உமா ஹாலுக்கு வந்தாள். சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம், அடுப்படியிலிருந்து பானு ஈரக் கையோடு வெளியே வந்தாள். உமா போனைச் சுட்டிக்காட்டினாள். விரலால் காற்றில் வட்டம் போட்டு, பூட்டு ஓட்டை வேண்டாமாம் என்று கையை விரித்தாள். பானுவின் கண் அகலமானது. யார் என்று புருவத்தை உயர்த்தினாள். தெரியவில்லை என்று உமா உதட்டைப் பிதுக்கினாள். பானு வாசல் பக்கம் கையைக் காட்டி, அவரா என்று சைகை செய்தாள். உமா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

கட்டிலில் கிடந்தபடி வீரையா, புதுக் கண்ணால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தா ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறீக?” என்றார். “கண்ணாடிதான் இன்னும் வரலையே! வாயைத் தொறந்து பேசுங்களேன்.”